எட்டாம் மாடியில் பம்பளிமாஸ் இலை

அத்தியாயம் 5

“சாயங்காலம் கூட்டம் வெச்சிருக்கேன். அதுக்குள்ள ஒரு பேரைச் சொல்லுங்க. உங்களால முடியலைன்னா, எனக்குத் தெரிஞ்ச பேரை நானே சொல்லிக்கிறேன்.”

குடியிருப்போர் சங்கத் தலைவர் பாங் இதைச் சொல்லிவிட்டு, லிஃப்ட் பொத்தானை டிஷ்யூ தாளால் அழுத்தினார். தாளைக் குப்பைத் தொட்டியில் போட்டார். உள்ளங்கையில் கிருமிநாசினி தேய்த்துக்கொண்டார். கதவு மூடும் நேரத்தில்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது அவருக்கு.

“வெளியாளுங்க லிஃப்ட்ல ஏறக் கூடாது. படிதான்!”

துப்பறிவாளர் ஷெக் மான்-யீக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஓடிப்போன கணவர்களைத் தேடிப் பிடித்திருக்கிறாள். பிடித்துக் கொடுத்த மறுவாரமே மறுபடி ஓடியவர்களையும் பிடித்திருக்கிறாள். சாக்கடையைக் காட்டி, இதற்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடி என்று சொன்ன முதல் கட்சிக்காரர் இந்தப் பாங்தான்.

“அக்கா, எத்தனை மாடி இது?” என்றான் அவளுடைய உதவியாளன் கின். ஆள் நல்ல கனம். நூடுல்ஸ் கடையில் அவனுக்கு மட்டும் தனியாக ஒரு நாற்காலி உண்டு, மற்றதெல்லாம் அவனைத் தாங்காது.

“பன்னெண்டு.”

“நான் கீழேயே நின்னு யோசிக்கிறேனே?”

“நீ யோசிச்சு நான் பார்த்ததே இல்லை. நடடா.”

விவகாரம் இதுதான். ஷாம் ஷுய் போ வட்டாரத்தின் இந்தப் பழைய கட்டடத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் சுகாதாரத் துறை ஆட்கள் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். கொரோனா கிருமி இருந்தது. உடனே கட்டடத்தைச் சுற்றி நாடா கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக அத்தனை பேர் தொண்டையிலும் மூக்கிலும் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் இல்லை. அடுத்த வாரம் சாக்கடையில் மறுபடி இருந்தது. மறுபடி நாடா, மறுபடி குச்சி, மறுபடி ஒருவருக்கும் இல்லை. வேலைக்குப் போக முடியாமல், பிள்ளைகளை வெளியே விட முடியாமல் கட்டடமே கொதித்துக் கிடந்தது. யாரோ நோயை மறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்த யாரோ, பதினோராம் மாடி A வீட்டில் பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் யிம்தான் என்று ஊர் முடிவும் கட்டிவிட்டது.

யிம் வாத்து வறுவல் கடையில் வெட்டிக் கொடுப்பவர். ஒண்டிக்கட்டை. குளிர்காலத்தில் கொரோனா வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, குணமாகித் திரும்பியவர். கட்டடத்தில் அந்த நோய் வந்தவர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆள். அறையின் சொந்தக்காரர் வேறு யாருமில்லை, பாங்கேதான். யிம்மைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் புதுப் பூட்டு ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். இந்த அறை போனால் யிம்முக்கு வேறு அறை கிடைக்காது. ‘சாக்கடைக் கட்டடத்து ஆளா?’ என்று ஏற்கெனவே இரண்டு இடத்தில் கதவைச் சாத்தியாகிவிட்டது. இருக்க இடம் இல்லாதவரைக் கடையிலும் சேர்க்கப் போவதில்லை.

சுகாதாரத் துறைக்குப் போன் செய்தால், ‘தனியாள் விவரம் சொல்ல மாட்டோம்’ என்று ஒரு பெண் குரல் தேனாகப் பேசி வைத்துவிடுகிறது. நேற்றிலிருந்து மான்-யீ கேட்ட கேள்விகள் எல்லாமே இப்படிச் சுவரில் போய்த்தான் முட்டிக்கொண்டிருந்தன.

பின்சந்தில் வாட்ச்மேன் சிங் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பக்கத்துக் கருவாட்டுக் கடையைப் பெருமூச்சோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா, வாசனை பிடிக்கிறீங்களா?” என்றான் கின்.

“வாசனையாவது பிடிக்கிறேன். எட்டாம் மாடி பாங் அம்மா தங்கச்சி வீட்டுக்கு, சியுங் சாவ் தீவுக்குப் போனாங்கன்னா எனக்குன்னு ஒரு பொட்டலம் கருவாடு கொண்டாருவாங்க. ஒரு தடவை தவறினதில்லை. இந்தத் தடவை அத்தனை நாள் இருந்துட்டு கையை வீசிட்டு வந்திருக்காங்க. தலைவர் சம்சாரம் ஆச்சே, நம்ம கேக்க முடியுமா?”

“மாமா, கருவாடு அப்புறம்” என்றாள் மான்-யீ. “சோதனைக்காரங்க எந்த மூடியைத் திறந்தாங்க?”

சந்தில் இரண்டு சாக்கடை மூடிகள் இருந்தன. சிங் காலால் ஒன்றைத் தட்டிக் காட்டினார். “முதல் தடவை ரெண்டையும் திறந்தாங்க. அப்புறம் இதை மட்டும்தான். அது சுத்தமாம்.”

“எது எந்த வீட்டுது?”

“அந்தக் கோடி மூடிக்கு எல்லா மாடி A, B வீட்டுக் குழாயும் வரும். இதுக்கு C, D.”

மான்-யீ அவரையே பார்த்தாள். “யிம் A வீடு.”

“ஆமா.”

“இதைத் தலைவர்கிட்ட சொன்னீங்களா?”

“அவர் எங்கம்மா கேட்டார்? நாள் பூரா அவர்தான் பேசுறார்.”

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்த மூடியையே உதைத்திருப்பாள். இரண்டு வாரமாக ஒரு கட்டடமே சேர்ந்து ஒரு மனுஷனை விரட்டுகிறது. அவருடைய குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“C, D. மேலேயிருந்து ஆரம்பிப்போம்” என்றாள்.

“கீழேயிருந்து ஆரம்பிச்சா என்ன குறைஞ்சு போகும்?” என்று கின் கேட்டு முடிப்பதற்குள் அவள் படியில் ஏறியிருந்தாள்.

பன்னிரண்டாம் மாடி C வீட்டில் இரும்புக் கிராதிக்குப் பின்னால் ஒரு கிழவர் துடைப்பத்தை நீட்டிக்கொண்டு நின்றார். “கிட்ட வராதே! அங்கயே நின்னு கேளு!”

“உங்க வீட்டுல யாருக்காவது வயித்தால போச்சா தாத்தா?”

“உனக்கு வேற வேலையே இல்லையா?” கதவு சாத்தப்பட்டது.

பத்தாம் மாடி D-யில் நான்கு பெண்கள் மேசையில் காய்களைப் பரப்பி மாஜாங் ஆடிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்ற உத்தரவு இருப்பதால், நான்கு பேரும் ஒரே குடும்பம் என்றார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், “உங்க பேர் என்ன சொன்னீங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் மாடியில் உடம்பு விஷயத்தைக் கேட்டதுமே குழந்தை அழுகிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். குழந்தை சத்தமே இல்லை. ஒவ்வொரு தளத்திலும் பிளீச்சிங் வாடை மூக்கைத் துளைத்தது. ஒரு பங்கு பிளீச்சுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர் என்ற கணக்கு இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் இந்தக் கட்டடத்தில் பயத்தில் கணக்கை மறந்து ஊற்றியிருந்தார்கள்.

எட்டாம் மாடி C கதவில் பாங் என்று பித்தளைப் பலகை மின்னியது. மான்-யீ நிற்காமல் தாண்டினாள்.

“இதை விட்டுட்டீங்களே?” என்றான் கின், மூச்சு வாங்கிக்கொண்டே.

“தலைவர் வீடுடா. அவரே நம்மளைக் கூப்பிட்டு வந்தவரு.”

மிச்ச வீடுகளிலும் இதே கதைதான். கடைசியில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆள் அவளிடம் ஒரு உண்மையான வார்த்தை பேசவில்லை. நோயைவிட, நோய் வந்தது தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் இந்தக் கட்டடத்துக்கு அதிகமாக இருந்தது. அதற்காக யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. யிம்முக்கு நடப்பதைப் பார்த்த பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

சிங் ஒரு பிளாஸ்கில் தேநீரோடு ஏறி வந்தார். “கிடைச்சுதா?”

“முழங்கால் வலிதான் கிடைச்சுது” என்றான் கின்.

“அதான் நானும் சொல்றேன், இந்தக் கட்டடத்துக் குழாயே சரியில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம் எட்டாம் மாடி C-ல பாத்ரூம் தரையில தண்ணி போற ஜாலி அடைச்சுக்கிச்சு. பிளம்பரைக் கூட்டிட்டு வந்து நான்தான் பக்கத்துல நின்னேன். கம்பியை விட்டு இழுத்தா, கொத்துக் கொத்தா இலை!”

“கீரை கழுவியிருப்பாங்க” என்றான் கின்.

“பாத்ரூம்லயா கீரை கழுவுவாங்க? நல்லாக் கொதிச்ச இலைடா. வெந்து போயும் வாசனை போகலை. பம்பளிமாஸ் இலை.”

மான்-யீ தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

“கின், பம்பளிமாஸ் இலை போட்டு எப்போ குளிப்பே?”

“புது வருஷத்துக்கு முந்தின நாள். எங்கம்மா விடமாட்டாங்க.”

“புது வருஷம் போயி எவ்வளவு நாளாச்சு! வேற?”

“சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தா. எங்க மாமன் ஜெயில்லேர்ந்து வந்தப்போ ஒரு தொட்டி நிறைய…” கின் கண்ணை அகல விரித்தான். “அக்கா! தலைவர் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாரா?”

“முட்டாள். இன்னொண்ணு இருக்கு.”

கின் யோசித்தான். அவள் முதல்முறையாக அதைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரி” என்றான் மெதுவாக. “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தா, பீடை கழியணும்னு குளிக்க வைப்பாங்க.”

“தங்கச்சி வீட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு என்னடா பீடை? தீவுலேர்ந்து வந்திருந்தா மாமாவுக்குக் கருவாடு வந்திருக்கும். அவங்க தீவுலேர்ந்து வரலை.” அவள் எழுந்தாள். வெற்றியின் சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. பித்தளைப் பலகையைப் பார்த்துத் தாண்டிப் போனது அவள் கால்தானே. “வா, எட்டாம் மாடி.”

“மறுபடியுமா!” என்று கின் சுவரில் சாய்ந்தான்.

கதவைத் திறந்தவள் பாங்கின் மனைவி லாய்-குவான். அறுபதைத் தொடும் வயது, மெலிந்த முகம். பாத்ரூம் ஜாலியைப் பார்க்க வேண்டும் என்றதும் உள்ளே விட்டாள். ஜாலிக்குப் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் தயாராக இருந்தது. கூடத்தில் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு மட்டும் கிண்ணம் வைத்திருந்தது. இன்னொரு கிண்ணமும் சாப்ஸ்டிக்கும் ஜன்னலோரம் ஒரு முக்காலியில் தனியாக இருந்தன.

“சியுங் சாவ்ல மழையா அம்மா?” என்று கேட்டாள் மான்-யீ.

“இல்லை. நல்ல வெயில்.”

“சிங் மாமா கருவாட்டுக்கு ஏங்கிட்டு இருக்கார்.”

லாய்-குவான் ஜன்னலோர முக்காலியைச் சுவரோடு நகர்த்தினாள்.

“ஜாலியில அந்த இலையை ஏம்மா கொட்டினீங்க? யாரும் இலையோட கொட்ட மாட்டாங்களே.”

லாய்-குவான் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “தங்கச்சி வீட்டுல இருக்கும்போதுதான் காய்ச்சல் வந்துச்சு. அங்கேயிருந்தே ஆம்புலன்ஸ்ல கொண்டு போனாங்க. குணமாகி வீட்டுக்கு வந்தா, இவர் வாளியில இலைத் தண்ணியைக் கொதிக்க வெச்சுட்டு வாசல்ல நிக்கிறார். எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. ‘முதல்ல குளி, அப்புறம் உள்ளே வா’ங்கிறார். வந்த கோபத்துல வாளியை அப்படியே கவிழ்த்துட்டேன்.”

“நல்ல வேலை பண்ணீங்க” என்றான் கின். மான்-யீ முறைத்தாள்.

வாசலில் சாவி திரும்பியது. உள்ளே வந்த பாங்குக்கு இருவரையும் பார்த்ததுமே முகம் மாறியது. மான்-யீ எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு குரல் எகிறியது.

“இவளுக்குக் குணமாயிடுச்சு! ஆஸ்பத்திரியிலேயே தாள் கொடுத்து அனுப்பியிருக்காங்க! தொண்டையில எத்தனை தடவை எடுத்தாங்க, ஒண்ணுமே இல்லை! இவளை எப்படி நோயாளின்னு சொல்வீங்க?”

“நான் சொல்லலை. யிம்முக்கும் அதே தாளைத்தான் கொடுத்து அனுப்பியிருக்காங்க. அவரை நீங்க சொல்றீங்க” என்றாள் மான்-யீ.

“அப்போ சாக்கடையில எப்படி…”

“டாக்டர் சொன்னதை உங்ககிட்ட வந்த அன்னிக்கே சொன்னேன்” என்றாள் லாய்-குவான். “மூக்கு, தொண்டையில போயிடுச்சு, ஆனா மலத்துல இன்னும் சில வாரம் தெரியலாம்னார். அநேகமா அது செத்த கிருமியோட துணுக்குதான், அதனால மத்தவங்களுக்கு ஒட்டுறது அபூர்வம், பயந்துக்காதீங்கன்னார். ஆளுக்கு ஆள் மாறுமாம். யிம்முக்குச் சீக்கிரம் நின்னிருக்கும், எனக்கு நிக்கலை. நீங்கதான், சாப்பிடுற இடத்துல கக்கூஸ் பேச்சு எதுக்குன்னு எழுந்து போனீங்க.”

பாங் உள்ளங்கையில் மறுபடி கிருமிநாசினி தேய்த்துக்கொண்டார்.

“கக்கூஸ் மூடியைச் சாத்திட்டுத் தண்ணி விடு, சோப்புப் போட்டுக் கை கழுவு, ஜாலி காயாம தண்ணி ஊத்து. இவ்வளவுதான் டாக்டர் சொன்னது. முக்காலியில உட்கார்ந்து சாப்பிடுன்னு அவர் சொல்லலை.”

பாங் மான்-யீ பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. “கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்க.”

“சொல்லிட்டா நீங்க யார் பேரைச் சொல்வீங்க?”

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளே பூட்டு கிணுகிணுத்தது.

உண்மை மான்-யீயின் கைக்குள் இருந்தும் பயன்படவில்லை. ஒருத்தியின் உடம்பு விஷயத்தைக் கூட்டத்தில் போட்டு உடைக்க அவளுக்கு உரிமை இல்லை. உடைக்காவிட்டால் யிம் தெருவில். அவள் லாய்-குவானைப் பார்த்தாள். லாய்-குவான் முக்காலியிலிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கீழ்த்தளத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் யிம் ஒரு பையோடும் துணியில் சுற்றிய வெட்டுக்கத்தியோடும் நின்றார். கூட்டம் முடிவு சொல்வதற்கு முன்பே மூட்டை கட்டியிருந்தார் மனுஷன். அவரைச் சுற்றி ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

“ஒளிஞ்சுக்கிட்டிருக்கிற நோயாளி இங்கே யாரும் இல்லை” என்றாள் மான்-யீ. “யிம் வீட்டுக் குழாய் அந்தக் கோடிக்குப் போகுது. கிருமி இருந்தது இந்தப் பக்க மூடியில. குணமானவங்க ஒருத்தரோட கழிவுல மிச்சமிருக்கிறது அது. அவங்களால பயமில்லைன்னு டாக்டரே சொல்லியிருக்கார்.”

“யாரு அது?” என்று நான்காம் மாடிப் பெண் கத்தினாள்.

“சொல்ல மாட்டேன்.”

“அப்போ உங்களை எதுக்குக் கூப்பிட்டோம்?”

“பேர் சொல்லலைன்னா எல்லாம் கட்டுக்கதைதான்! தலைவரே, நம்ம யிம்மையே அனுப்பிடுங்க. எதுக்கு வம்பு?” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ஆமாம், ஆமாம் என்று கூட்டம் முழுக்க ஒரே இரைச்சல். அவள் குழாயைப் பற்றிச் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. பாங் தொண்டையைச் செருமிக்கொண்டு, யிம்மைப் பார்க்காமல் யிம் பக்கமாகத் திரும்பினார்.

“வந்து… எல்லாரோட நன்மைக்காக…”

லிஃப்ட் கதவு திறந்தது. லாய்-குவான் வெளியே வந்தாள். நேராக நடந்து, அந்த வெறும் இடத்துக்குள் போய், யிம்முக்குப் பக்கத்தில் நின்றாள்.

“எட்டாம் மாடி C. அது என்னோடது” என்றாள்.

கூட்டம் அவளுக்கும் சேர்த்து ஒரு அடி பின்னால் போனது. புருஷனைப் பார்த்தார்கள். அவர் பக்கத்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். சற்று முன் தலைவரே, தலைவரே என்று தோளுரச நின்ற நான்காம் மாடிப் பெண், மாஸ்க்கை மூக்கில் இறுக்கிக்கொண்டு தூண் பக்கம் போய்விட்டாள்.

பின்னாலிருந்து சிங்கின் குரல் வந்தது. கிண்டலே இல்லாமல்தான் கேட்டார்.

“தலைவரே, அம்மாவும் காலி பண்ணணுமா?”

லாய்-குவான் யிம்மின் பையைத் தன் கையில் வாங்கினாள். “மேலே வாங்க. உங்க அறை உங்களுக்குத்தான்.” லிஃப்ட் பொத்தானை வெறும் விரலால் அழுத்தினாள். யிம் தயங்கித் தயங்கி ஏறினார். “நீங்களும் வாங்க. காலையிலேர்ந்து படியேறிட்டு இருக்கீங்க” என்றாள் மற்ற இருவரையும் பார்த்து. கின் இரண்டாம் தடவை சொல்ல விடாமல் ஏறினான். மான்-யீயும் ஏறினாள்.

லாய்-குவான் கதவை மூட விடாமல் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். பாங் தன்னைச் சுற்றிக் கிடந்த இடத்தைப் பார்த்தார். அந்தக் கீழ்த்தளத்தில் அவரைவிட்டு விலகாதவர்கள் அந்தச் சின்ன லிஃப்டுக்குள்தான் இருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். சட்டைப் பையிலிருந்த பூட்டை எடுத்து, என்ன செய்வது என்று தெரியாமல், யிம் கையில் வைத்தார். சாவி அதிலேயே தொங்கியது.

லிஃப்ட் கனம் தாங்காமல் கீச்சென்று கத்தியது.

எல்லோரும் கின்னைப் பார்த்தார்கள். கின் பன்னிரண்டு மாடிப் படியையும் மனதில் ஒருமுறை பார்த்துக்கொண்டு, வெளியே இறங்கினான்.

“நீங்க போங்க. நான் படியில வர்றேன்.”